நலம் காப்போரின் மனநலம்

(ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவப் பணியாளர் பாராட்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பயனுள்ள உரைகள் நிகழ்ந்துள்ளன. இவ்வாண்டு நோயைப் பற்றியன்றி, நோய் தீர்க்கும் பணியில் இருப்போரைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்திருக்கிறார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டுவிட்டன. இனிப் பாராட்டுரை வழங்குவது மிக எளிது. 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று ஒருவரை அழைப்பதற்கு யாருக்கும் செலவொன்றும் இல்லை. ஆனால் அவ்வாறு அழைத்துப் பழகிய பின், அத்தேவதைக்குப் பசிக்கும், உறக்கம் வரும், கோபம் வரும், மாத முதல் வாரத்தில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் மறந்து போகிறது. எனவே பாராட்டும் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, இவர்களின் பணி நிறைவையும் மனநலத்தையும் குறித்துச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

பணி நிறைவு என்பது என்ன? சம்பளம் கூடினால் நிறைவு வரும், குறைந்தால் போய்விடும் என்றே பெரும்பாலோர் கருதுகிறோம். அமெரிக்க உளவியல் அறிஞர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் 200 பேரிடம் உரையாடி, 1959ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வேறொரு கருத்தை முன்வைத்தார். மனிதனுக்கு வேலையில் நிறைவைத் தருபவை ஒரு வகை. வெறுப்பைத் தருபவை வேறொரு வகை என்பது அவர் கண்டது. செய்து முடித்தோம் என்ற உணர்வும், பிறர் அதை மதிப்பதும், அவ்வேலையின் பொருளும் நிறைவைத் தருகின்றன. ஊதியக் குறைவும், மேலதிகாரியின் நடத்தையும், பணியிடத்தின் நிலையும், நாளை வேலை இருக்குமோ என்ற அச்சமும் வெறுப்பை வளர்க்கின்றன. பிற்காலத்தில் இக்கருத்து பலவாறு விமர்சிக்கப்பட்டது. எனினும் மருத்துவமனை வாழ்வை விளங்கிக்கொள்ள இந்தப் பிரிவு பெரிதும் உதவுகிறது. ஏனெனில் நிறைவைத் தரும் முதல் வகை இவர்களிடம் குறைவின்றி இருக்கிறது. மூச்சுத் திணறி வந்த குழந்தை மறுநாள் காலை எழுந்து அமர்ந்து இட்லி கேட்கும்போது ஒரு செவிலியர் அடையும் மகிழ்ச்சியை வேறெந்த அலுவலகம் தர முடியும்? இவர்கள் தம் பணியை வெறுப்பதில்லை. அப்பணியைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்ய விடாத சூழலிலேயே மனம் உடைகிறார்கள். இன்று நாம் கூற வந்ததன் உயிர்நாடி இதுவே.

'பர்ன் அவுட்' என்ற சொல்லை இப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் காண்கிறோம். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தம்மோடு உழைத்தவர்கள் சில மாதங்களிலேயே வற்றிப்போவதைக் கண்டு 1974இல் இச்சொல்லைக் கட்டுரைப் பொருளாக்கினார். கூலிக்கு உழைத்தவர்களைக் கண்டன்று, ஆர்வத்தோடு முன்வந்த தொண்டர்களைக் கண்டே அவர் இதை எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பேராசிரியை, சூசன் ஜாக்சனுடன் இணைந்து 1981இல் இதனை அளப்பதற்கான வினாத்தொகுப்பை அமைத்தார். தமிழில் இதற்குப் பல கலைச்சொற்கள் ஆக்கப்பட்டிருந்தாலும், நம் வீட்டுப் பெண்கள் 'மனசு விட்டுப் போச்சு' என்று கூறுவார்களே, அதுவே பொருளுக்கு மிக நெருங்கியதாக நமக்குப் படுகிறது.

மாஸ்லாக் மூன்று அறிகுறிகளைக் கூறுகிறார். உணர்வு வற்றிப்போதல் ஒன்று. 'நான் செய்து என்ன ஆகப் போகிறது' என்று தன் பணியின் பயனையே ஐயுறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் எளிதில் விளங்கும். இவற்றுக்கிடையில் உள்ள அறிகுறியே பொதுமக்களாகிய நம் கண்ணில் நேரடியாகப் படுவது. அதையே நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். எதிரில் இருக்கும் மனிதரை மனிதராகக் காணும் ஆற்றல் மெல்ல மங்கிப்போவதே அது. நோயாளிக்குப் பெயர் போய், 'மூன்றாம் பெட்', 'அந்த அப்பெண்டிக்ஸ் கேஸ்' என்று ஆகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வந்தாலும் ஒற்றைச் சொல்லாக வரும். 'கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரி நர்சுக்குத் திமிர்' என்று வெளியே வந்து சொல்கிறோம். திமிர் பிடித்தவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். மருத்துவத் துறை அதற்கு விலக்கல்ல. ஆயினும், நாம் திமிர் என்று கருதுவதில் பெரும்பகுதி, ஒரே இரவில் நாற்பது பேருடைய வலியையும் முழுமையாக உணர்ந்தால் தன்னால் விடியும் வரை நிற்க முடியாது என்பதனால் மனம் தானாக இழுத்துக்கொள்ளும் திரையே ஆகும். அத்திரை சில மணி நேரத்துக்குப் பயன்படும். ஆண்டுக்கணக்கில் விலக்கப்படாமலே இருந்தால் அது தோலோடு ஒட்டிவிடுகிறது. வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதும் விலகுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்கப்பட்ட தனது 11ஆவது நோய் வகைப்பாட்டில், இதனை ஒரு நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தால் விளையும் பணிசார் நிகழ்வாகவே வரையறுத்துள்ளது. நோயாக இருந்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். பணியிடத்தின் விளைவு என்றால் பணியிடத்தைத்தான் திருத்த வேண்டும். மூச்சுப் பயிற்சி வகுப்பும் மன அமைதிச் சொற்பொழிவும் நடத்திவிட்டு, காலியிடங்களை நிரப்பாமல் விடும் நிர்வாகங்கள் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது.

பணியிடத்தில் எதைத் திருத்துவது? இதற்கு ஐயத்திற்கிடமற்ற சான்று ஒன்றுண்டு. லிண்டா எய்கன் என்ற செவிலியப் பேராசிரியையின் குழுவினர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளையும், 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும், அறுவை சிகிச்சை பெற்ற 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரேயொரு நோயாளி கூடுதலாகச் சேர்ந்தால், மனம் வற்றிப்போகும் வாய்ப்பு 23 சதவீதமும், பணியில் நிறைவின்மை ஏற்படும் வாய்ப்பு 15 சதவீதமும் உயர்கின்றன. அதோடு நிற்கவில்லை, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் உயர்கிறது. செவிலியரின் மனநலம் செவிலியரின் சொந்த விவகாரம் என்று இனி எவரும் கூற இயலாது. அவருடைய மனம் சோர்வதும், படுக்கையில் கிடக்கும் நம் தந்தையின் உயிருக்கு ஆபத்து கூடுவதும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. கலிபோர்னியா மாநிலம் 1999இலேயே சட்டமியற்றி, இத்தனை நோயாளிக்கு மேல் ஒரு செவிலியரிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற வரம்பினை 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

நம் நாட்டில் வரம்பே இல்லையா என்றால், இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. உறவினருக்குத் துணையாக அரசு மருத்துவமனை வார்டில் ஓர் இரவு தங்கியவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். அங்கே எத்தனை படுக்கைகள் இருந்தன, தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எத்தனை பேர், வெள்ளை உடையில் நடமாடியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். நெறிமுறைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

இத்தூரத்தின் நடுவே நிற்பவர்களுக்கு ஏற்படும் ஒருவகை வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் 1984இல் ஒரு பெயரிட்டார். அறச்சங்கடம் என்று அதைத் தமிழில் கூறலாம். செய்ய வேண்டியது எது என்று தெரிகிறது. செய்யும் திறமையும் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் அமைப்பு அதைச் செய்ய விடுவதில்லை. படுக்கைப்புண் வராமல் தடுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று படித்த பெண்ணுக்கு, அந்த இரவில் புரட்ட வேண்டியவர்கள் எட்டுப் பேர், கைகளோ இரண்டு. காலையில் புண்ணைக் கண்டு உறவினர் சத்தமிடும்போது அவர் மௌனமாக நிற்கிறார். அந்த மௌனத்துக்குள் குற்ற உணர்ச்சியும் கோபமும் ஒன்றாக இருக்கின்றன.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் போட்டித் தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் நியமித்தது. இரண்டாண்டுக்குப் பின் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது. கொரோனா காலத்தில் ஒப்பந்த முறையில் அழைக்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவடைந்தது; மாற்றுப் பணி வழங்குவதாக அரசு பிறகு அறிவித்தது. தனியார் துறையிலோ, உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணைப்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த சிறு மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் ரூ.20,000க்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. முன்வரிசையில் இருக்கும் சகோதரிகளிடம் தனியே கேட்டுப் பாருங்கள், அப்பரிந்துரை எவ்வளவு தூரம் நம் ஊர் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று.

மருத்துவர்களின் நிலை வேறுவிதமாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். பயிற்சியில் உள்ள முதுநிலை மருத்துவர் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்திற்கு 48 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாகப் பணிபுரியக் கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே வகுத்த திட்டம் ஏட்டில் இருக்கிறது. 36 மணி நேரம் தொடர்ந்து டூட்டி பார்த்த கதையை எந்த முதுநிலை மாணவரும் சொல்வார். அதை ஒரு பெருமையாகச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. நம் கருத்தில் அது பெருமைக்குரியதன்று. 30 மணி நேரம் விழித்திருந்த ஓட்டுநரின் பேருந்தில் நாம் ஏறமாட்டோம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினரும், முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதத்தினரும் தங்களுக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டதைத் தெரிவித்திருந்தனர். வாரத்திற்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. 48 என்று எழுதியது 1992இல். 74 ஆவது கிடைக்கட்டும் என்று கேட்பது 2024இல்.

அடுத்து, பொதுமக்களின் நடத்தை. 2020 ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் காலமானார். அவருடைய உடலை அடக்கம் செய்யக் கொண்டு சென்றவர்கள் இரு இடங்களில் கும்பலால் தடுக்கப்பட்டனர். கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டனர். இறுதியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர், இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு நள்ளிரவில் திரும்பிச் சென்று, ஆம்புலன்ஸைத் தாமே ஓட்டி, அடக்கத்தை முடித்தார். ஓர் உயிரற்ற உடலை மண்ணில் சேர்ப்பது எத்தகைய கடமை என்பதை ஜனாஸா சுமந்து பழகிய நம் தோள்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அச்செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலை கொரோனா வார்டுக்குள் நுழைந்த மருத்துவரும் செவிலியரும் எந்த மனத்தோடு நுழைந்திருப்பார்கள்? மூன்று நாட்களில், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் மத்திய அரசால் பிறப்பிக்கப்பட்டது. தமிழகத்தில் அதற்கு முன்பே, 2008 முதல் தனிச் சட்டம் உண்டு.

சட்டம் இருந்தும் 2024 நவம்பர் 13ஆம் நாள், கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் தம் அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் நோயாளி ஒருவரின் மகன். அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கிடையே ஓய்வெடுக்கச் சென்ற முதுநிலை மருத்துவ மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டதை நாடே அறியும். தலைக்குத் தலையணையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ள ஓர் ஓய்வறை, கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக நம் மருத்துவமனைகளில் இருந்து வந்துள்ளது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவு அங்கேயே முடிவதில்லை. அடிபட்ட மருத்துவரை விட, அதைக் கேள்விப்பட்ட ஆயிரம் மருத்துவர்களின் மனமாற்றமே நம்மைப் பாதிக்கிறது. அபாய நிலையில் ஒரு நோயாளி வரும்போது, நோயாளியைப் பார்க்கும் முன் உடன் வந்த கூட்டத்தைப் பார்க்கிறார்கள். 'இங்கே வசதியில்லை, மதுரைக்குக் கொண்டு போங்கள்' என்ற சொல் விரைவாக வந்துவிடுகிறது. முயன்றிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர் வழியில் இறக்கிறார். சுகாதாரத் துறையின் கடைக்கோடியில் உள்ள துப்புரவுப் பணியாளரும், பிணவறை ஊழியரும், 108 ஆம்புலன்ஸ் ஊழியரும் வாங்கும் வசைகளோ எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

இவ்வளவுக்கும் மத்தியில், மருத்துவப் பணியாளர் தம் மனத்திற்கு வைத்தியம் தேடிச் செல்வது மிக அரிது. ஊருக்குச் செய்தி பரவிவிடும், மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும், திருமணப் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சம். இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவராக இருந்த மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை இழந்தபோது, சிகிச்சை பெற்றால் தொழில் உரிமம் பறிபோகுமோ என்று அவர் அஞ்சியதை அவருடைய குடும்பத்தார் வெளிப்படையாகக் கூறினர். 2022 மார்ச்சில் அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர் மனநலத்திற்கென அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' என்ற மனநல உதவிச் சேவை இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இங்கு அமர்ந்திருக்கும் பணியாளர்கள் தங்கள் நோயாளிகளுக்குத் தரும் சீட்டில் இந்த எண்ணை எழுதுகிறார்கள். தங்கள் கைப்பேசியிலும் அதைப் பதிந்துகொள்ள வேண்டுகிறோம்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மஹல்லாவில் செவிலியம் படித்த பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடுகிறது. மருமகளாக வருவோரிலும் அத்தொழிலினர் இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்துக் காலை எட்டரைக்கு வீடு திரும்பும் பெண், உடனே அடுப்படிக்குள் நுழைய வேண்டியிருந்தால், பத்து மணிக்கு விருந்தாளி வந்து கதவைத் தட்டினால், பகல் இரண்டு மணிக்கு 'என்ன இன்னும் தூக்கம்' என்று கேட்கப்பட்டால், அவளுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் 'பெரும்பாலும்' என்ற பிரிவில் 2007இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது. பகல் உறக்கம் சோம்பலன்று. அந்த ஆறு மணி நேரம் அவளுக்குரியது என்று மாமியார் ஒருவர் சொல்லிவிட்டால், எந்த அரசாணையும் தராத நன்மை அவ்வீட்டில் கிடைக்கும்.

காலியிடங்களை நிரப்புவது அரசின் கையில் இருக்கிறது. அதற்காகச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு அளிக்கும் தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இக்கூட்டத்திலேயே முன்மொழிவார்கள். நம் கையில் இருப்பது வார்டு வாசலில் நிற்கும் கூட்டம். நோயாளி ஒருவருக்கு எட்டுப் பேர் துணை. எட்டுப் பேரும் தனித்தனியாக ஒரே கேள்வியை அதே சிஸ்டரிடம் கேட்கிறார்கள். குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் மருத்துவரிடம் பேசுவது, அவரே மற்றவர்களுக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஷிப்டில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்! அந்த நேரம் திரும்பவும் நம் நோயாளிக்கே வந்து சேரும்.

ஆகவே ஜமாஅத்தின் இளைஞரணி சார்பில், மாலைப் பார்வை நேரத்தில் அரசு மருத்துவமனை வார்டு வாசல்களில் இருவர் வீதம் நின்று, வருவோரை வரிசைப்படுத்தவும், சீட்டு எடுக்கவும், ஸ்கேன் அறைக்கு வழிகாட்டவும் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள். மஹல்லாவின் நோயாளிகளுக்கு மட்டுமன்றி, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் வருகின்ற அனைவருக்கும் இவ்வுதவி உரியது. வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கக் கூடிய சகோதரர்கள், அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பெண்கள் வார்டுக்குச் சகோதரிகளும் வேண்டும். பதிவு செய்வோருக்கு வார்டு விதிகளை ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்ல, முன்வரிசையில் இருக்கும் செவிலியக் கண்காணிப்பாளர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள்.